ஆறு ஜோடி இறக்கை

உலகத்தில் ஒற்றை என்று ஒன்று கிடையாது என்பது ஜோடியம்மாவின் கட்சி. ஒரு செருப்பு தனியாகக் கிடக்கிறதென்றால் அதன் ஜோடி எங்கோ கிடக்கிறது என்றுதான் அர்த்தம். தேடுகிறவனுக்குச் சோம்பல், அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாக ஷூ தொழிற்சாலையில் ஜோடி மேசையில் நிற்கிறவள் வேறு எப்படிப் பேசுவாள்?

அந்த மேசையின் வேலை இதுதான். இடது கால் ஷூக்கள் ஒரு தள்ளுவண்டியில் வரும், வலது கால் ஷூக்கள் இன்னொன்றில் வரும். எப்போதும் இடதுதான் முதலில் முடிந்து வரும்; ஏனென்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அப்படித்தான் வரும். இரண்டிலிருந்தும் எடுத்து, நிறம் சேர்கிறதா, தோலின் வரி சேர்கிறதா, குதிகால் உயரம் சமமா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, பெட்டிக்குள் தலைமாடு கால்மாடாகப் படுக்க வைக்க வேண்டும். சாயங்காலம் மணி அடிக்கும்போது மேசையில் ஓர் ஒற்றை மிஞ்சினால், அதன் ஜோடி கிடைக்கிற வரைக்கும் அந்தப் பகுதியில் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு தடவை ஒரு வலது கால் ஷூவைத் தேடி முப்பது பேர் தரையில் தவழ்ந்தார்கள். இவள் மட்டும் தவழவில்லை. நேராக மேனேஜர் அறைக்குள் போய், மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமலிருக்க அவர் மேசைமேல் வைத்திருந்த பாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதுதான் அந்த வலது கால். அன்றைக்கு விழுந்த பெயர் ஜோடியம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடக்கிறது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவளுக்குத் தொழில் பழக்கம் மாடிப்படி மட்டும் வந்திருந்தது. குடியிருப்பது மூன்றாவது மாடி. ஏறி வருகிற வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவிழ்த்துப் போட்ட செருப்புகளைக் காலால் தள்ளி ஜோடி சேர்த்துவிட்டுத்தான் மேலே வருவாள். பேருந்தில் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவரிடம், "தம்பி, உங்க எடது ஷூ எட்டு, வலது ஒம்போது," என்று சொல்லி, அந்த மனிதர் அண்ணனுடைய ஷூவில் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்திருந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அவர் நன்றி சொல்லவில்லை; அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வீட்டில் சமையல் அவருடையது. கல்யாணமான இரண்டாம் நாள் இவள் போட்ட டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை மெல்லக் கீழே வைத்து, "நீ வெளியில ஷூவைப் பாரு, உள்ளே நான் பாத்துக்கிறேன்," என்று சொன்னவர், இருபத்துநாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டார். சமைப்பதைவிட அவர் அதிகம் செய்தது குறை சொல்வது. அதில் வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேதம் கிடையாது. தான் சமைத்ததையே குறை சொல்லிக்கொண்டு சாப்பிடுவார். வேலைக்குப் போகிற கட்டடங்களில் அவர் கால் வைக்காத கேன்டீன் இல்லை. ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்டைச் சரி செய்து முடித்ததும், வேலைச் சீட்டின் கீழே, "லிஃப்ட் ஓடும். சூப்பில் உப்பு இல்லை," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். அவர் வாயிலிருந்து வந்த ஆகப் பெரிய பாராட்டு, "சாப்பிடலாம்." மகள் சின்ன வயதிலேயே அவருக்கு நீதிபதி என்று பெயர் வைத்துவிட்டாள்.

அப்பேர்ப்பட்ட நாக்கைத்தான் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

நெஞ்சில் சளி கட்டி, பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிர் தப்பியது. வீட்டுக்கு வந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார், நடந்தார், நிறமும் திரும்பியது. ருசியும் வாசனையும் மட்டும் திரும்பவில்லை. "வரும், மெதுவா வரும். சிலருக்கு ரொம்ப நாள் ஆகும்," என்றார் டாக்டர். சிலருக்கு என்று சொன்னபோது அவர் இவள் முகத்தைப் பார்க்காமல் மருந்துச் சீட்டைப் பார்த்ததை இவள் கவனித்துக்கொண்டாள். கவனிக்கிறதுதானே அவள் பிழைப்பு.

அடுப்படி அவள் கைக்கு வந்தது. வெந்தும் வேகாமலும் எதையோ செய்து கொண்டுபோய் வைப்பாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு," என்பார். தட்டை நகர்த்திவிடுவார். இருபத்துநாலு வருஷத்தில் கேட்காத சொல் அது. ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் கொடுத்தாள். "நல்லா இருக்கு." மறுநாள் வேண்டுமென்றே ஒரு கரண்டி கூடப் போட்டுக் கொடுத்தாள். "நல்லா இருக்கு." அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் தினமும் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் போன் பண்ணுவாள். எடுத்தவுடன் ஒரே கேள்விதான். "இன்னைக்குத் தீர்ப்பு என்னம்மா?"

"நல்லா இருக்குன்னார்."

அதற்குமேல் இரண்டு பக்கமும் பேச்சு ஓடாது. "சரிம்மா, மாத்திரை குடுத்தியா," என்று எதையாவது கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். ஐந்து வாரமாக இதுதான் நடந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, எதிர் மாடியில் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கோழி றெக்கை கிடைக்குமா?"

அவள் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "என்னது?"

"றெக்கைம்மா. எதைத் தின்னாலும்தான் ஒண்ணும் தெரியலையே. அதுன்னா மொறுமொறுன்னு கடிக்கிற சத்தமாவது காதுல விழும். கைக்கும் கொஞ்சம் வேலை இருக்கும்."

ஐந்து வாரத்தில் அவர் வாய் திறந்து கேட்ட முதல் சாப்பாடு. மழையே பெய்தாலும், ரோடே பெயர்ந்தாலும் அன்றைக்கு அந்த வீட்டுக்குக் கோழி இறக்கை வந்தே தீர வேண்டும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். மழை பெய்யவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இறங்குகிற அவசரத்திலும் இரண்டாம் மாடி வாசலில் குப்புறக் கிடந்த ஒரு செருப்பைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போனாள்.

கோழிக்கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். வெள்ளை ஓடு பதித்த சுவர், உள்ளே போகிற வழியில் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைகள், அதற்கு அந்தப் பக்கம் கட்டையில் கத்தி விழுகிற சத்தம். கடைக்காரர் தராசுக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவரோடும் பேசிக்கொண்டே நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வெட்டுவது அவருடைய மச்சான். அவர் பட்டைக்கு அந்தப் பக்கம். சத்தம் மட்டும்தான் வரும், ஆள் வெளியே வரமாட்டார்.

"றெக்கை ஒரு கிலோ. நானே பொறுக்கிக்கிறேன்," என்றாள் இவள்.

கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் கையுறையை நீட்டினார்.

"ஒண்ணுதானா?"

"ஒரு கையாலதானேம்மா எடுக்கப் போறீங்க?"

"இன்னொரு கை என்ன பாவம் பண்ணுச்சு?" என்று இன்னொன்றையும் வாங்கிக்கொண்டாள். கையுறையை ஒற்றையாகக் கொடுக்கிற கடை உருப்படுமா என்று மனதுக்குள் கேட்டும் கொண்டாள்.

பொறுக்க ஆரம்பித்தது என்னவோ நல்ல இறக்கையாகப் பார்த்துத்தான். ஆனால் கை அவள் பேச்சையா கேட்கும்? தடித்த மூட்டைத் தன் பக்கம் வைத்து, தோல் மேலே இருக்கும்படி ஒன்றை மேடையில் வைத்தாள். நுனி ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. அடுத்ததை வைத்தாள். அதே பக்கம். மூன்றாவதும் அதே பக்கம். நாலாவது எதிர்ப்பக்கம் மடங்கியிருந்தது. அவ்வளவுதான், கைக்கு விஷயம் புரிந்துவிட்டது. இது இடது, இது இடது, இது வலது. இரண்டு நிமிஷத்தில் மேடைமேல் இரண்டு வரிசை உண்டாகிவிட்டது; ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக.

"என்னம்மா, றெக்கை வாங்க வந்தீங்களா, அணிவகுப்பு நடத்த வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஜோடியா எடுக்கிறேன். இங்க எல்லாம் எடதாவே கிடக்கு."

"கோழிக்கு ஏதும்மா எடது வலது? அது என்ன செருப்பா போட்டுக்கிட்டு நடக்குது?"

வரிசையில் நின்ற ஒரு டீச்சரம்மாள் பொறுமை இழந்தாள். "எந்தப் பக்கமா இருந்தா என்னங்க, வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான். எனக்குக் கோழிக்காலைப் போட்டு அனுப்புங்க, நேரமாகுது."

ஜோடியம்மா நகரவில்லை. தட்டு முழுவதையும் பிரித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். வேலையிடத்தில் பேசுகிற குரல் அவளுக்குத் தானாக வந்தது.

"அண்ணே, நாப்பத்திமூணு எடது இருக்கு. ஒம்போது வலது இருக்கு. கோழி ரெண்டு றெக்கையோடதானே பொறக்குது? மிச்சம் முப்பத்திநாலு வலது எங்கே?"

"வித்துப்போயிருக்கும்."

"வலதா மட்டும் பாத்து யார் வாங்கிட்டுப் போவா? என்னைத் தவிர வேற யாரும் உங்க கடையில பிரிச்சுப் பாத்திருக்க மாட்டாங்க. அண்ணே, உங்க வலது எங்கயோ கிடக்கு. தேடுங்க."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தார் கடைக்காரர். ஆனால் ஏதோ ஞாபகம் வந்தது போலப் பாதியில் நிறுத்திவிட்டு, மேடையில் கிடந்த நீள வரிசையையும் குட்டை வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். பதினெட்டு வருஷமாகக் கோழி விற்கிற மனிதர் கோழிக்கு இரண்டு பக்கம் உண்டென்பதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். "மச்சான்," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "றெக்கை வெட்டி எதுல போடுறே?"

பட்டைகளை விலக்கிக்கொண்டு மச்சான் கத்தியும் கையுமாக வெளியே வந்தார். உயரமான ஆள், எதற்கும் அவசரப்படாத முகம். "எதுலன்னா? இப்படிப் பிடிப்பேன். இந்தப் பக்கம் வெட்டினா நீலத் தொட்டியில விழும். திருப்பி அந்தப் பக்கம் வெட்டினா வெள்ளைத் தொட்டியில விழும். ஒண்ணு ரெண்டு தவறி நீலத்துலயே விழுறதும் உண்டு."

"நீலத் தொட்டிதான் முன்னாடி வந்துச்சு. வெள்ளைத் தொட்டி எங்கே?"

மச்சான் யோசித்தார். கத்தியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு மறுபடி யோசித்தார். பிறகு முகத்தில் ஈயாடவில்லை. "காலையில ஐஸ் வண்டி வந்தப்போ வழிய அடைக்குதேன்னு மேசைக்கடியில தள்ளினேன்."

உள்ளே போனவர்கள் காலிக் கூடைகளை இழுத்து இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது. வெள்ளைத் தொட்டி வெளியே வந்தபோது அதில் ஐஸ் முக்கால்வாசி கரைந்திருந்தது. மிச்சம் சில்லுச் சில்லாக மிதந்தது. கடைக்காரர் கையை விட்டுப் பார்த்தார். ஜில்லென்றுதான் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் தொட்டியோடு கொட்டியிருக்க வேண்டும். "காலையில ஹாஸ்டல் ஆள் வந்தான், றெக்கை பத்தலைன்னு திரும்பிப் போனான்," என்றார் யாரிடமோ சொல்வது போல. "இவ்வளவையும் காலடியில வெச்சுக்கிட்டு இல்லேன்னு சொல்லியிருக்கேன்." ஊசி போகிற இடத்தைப் பார்க்கிறவன் பூசணிக்காயைக் கோட்டை விட்ட கதைதான்.

பிறகு அவளிடம் திரும்பினார். "அம்மா எங்கே வேலை பாக்குறீங்க?"

சொன்னாள். கடை முழுதும் சிரித்தது. அதற்குப் பிறகு அங்கே நடந்ததுதான் வேடிக்கை. அளவு பார்த்து ஜோடி சேர்க்க அவளுக்கு இரண்டே நிமிஷம் போதும். ஆனால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கழுத்தை நீட்டி, இது எடதா, இது வலதா என்று அவளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்று என்ற டீச்சரம்மாள், காலை மறந்துவிட்டு, "எனக்கும் அரை கிலோ றெக்கை. ஜோடியா பாத்துக் குடுங்க," என்றாள். கடைக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

ஒரு கிலோவுக்கு ஆறு ஜோடி வந்தது. அதோடு இன்னொரு பொட்டலத்தைக் கட்டி மேலே வைத்தார் கடைக்காரர். "மூணு ஜோடி. இது என் பங்கு. வேண்டாம்னு சொல்லக்கூடாது. வீட்ல விருந்தா?"

"வீட்டுக்காரருக்கு. காய்ச்சலுக்கப்புறம் வாய்க்கு ருசியே தெரியலை அண்ணே. இன்னைக்குத்தான் வாயத் தொறந்து இதைக் கேட்டார். எனக்குச் சமைக்கவும் தெரியாது."

கடைக்காரர் தராசிலிருந்து கையை எடுத்தார். "ஒண்ணும் கஷ்டமில்லம்மா. உப்பு, மிளகு, எண்ணெய். நல்லா செவந்ததும் கடைசியில பூண்டைத் தட்டிப் போடுங்க. முதல்லயே போட்டுறாதீங்க, கரிஞ்சு கசந்துபோகும். எறக்கி வெச்சு எலுமிச்சை பிழிஞ்சா போதும்."

கடைசியில் பூண்டு, கடைசியில் பூண்டு என்று மூன்று மாடியும் சொல்லிக்கொண்டே ஏறினாள். ஏறும்போது ஒரு வாசலிலும் செருப்பைத் திருப்பி வைக்கவில்லை என்றால் அவள் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரரின் மூன்று ஜோடியைக் குளிர்பெட்டியில் வைத்தாள். பன்னிரண்டு இறக்கைகளையும் கழுவித் துடைத்து, உப்பும் மிளகும் சேர்த்துப் பிரட்டி வைத்தாள். வாணலியில் ஆறுதான் பிடித்தது. எந்த ஆறை முதலில் போடுவது என்று வேறு யாராவது யோசிப்பார்களா? இவள் யோசிக்கவே இல்லை. இடது ஆறும் முதலில் போயிற்று. இடதுதானே எப்போதும் முதலில் முடிந்து வரும். பொறுமையாகப் புரட்டினாள். சிவந்தது. கடைசியில் பூண்டைத் தட்டிப் போட்டாள். கடைக்காரர் சொன்னது சொன்னபடி. எடுத்து வைத்தபோது அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்த மரியாதைதான் ஆளைக் கவிழ்த்தது. வலது ஆறையும் அதே எண்ணெயில் போட்டாள். முதல் பூண்டு அடியில் கிடப்பதைப் பார்க்கவில்லை. இவற்றுக்கு உப்பு போட்டோமா என்று ஒரு சந்தேகம் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடியும் ஒரு கை உப்பைத் தூவினாள். இறக்கை சிவப்பதற்குள் பூண்டு கருகி, அடுப்படி முழுதும் புகை. ஜன்னலைத் திறந்து முந்தானையால் விசிறினாள். பிறகு ஓடிப்போய்க் கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

அவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். புகை அவர் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தது. முன்பெல்லாம் கீழ்வீட்டில் பால் பொங்கினால் மூன்றாம் மாடியிலிருந்து சொல்கிற மூக்கு. இப்போது பக்கத்தைத் திருப்பினாரே ஒழிய நிமிரவில்லை. அவள் வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போய் இறக்கையிலும் வாணலியிலும் ஒட்டிய கரியைச் சுரண்டினாள்.

சுரண்டிய பிறகு பார்வைக்குக் குறையில்லை. வலதும் இடதும் ஒரே சிவப்பு. நிறம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எலுமிச்சை பிழிந்து, பெரிய தட்டில் நுனியோடு நுனி தொட, ஜோடி ஜோடியாக அடுக்கிக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

அவர் தட்டைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். "என்னம்மா இது, பெட்டியும் மூடியும் எங்கே?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு. பாதியில் இருமல் வந்தது. அப்படியும் விடாமல் சிரித்தார். இதுவே போதும் என்று நினைத்தாள் அவள். இன்றைக்கு இதற்குமேல் ஆசைப்படக்கூடாது.

முதல் ஜோடியில் இடதை எடுத்துக் கடித்தார். கேட்ட சத்தம் கிடைத்தது, மொறுக்கென்று. மென்றார். "நல்லா இருக்கு."

அவள் தலையாட்டினாள். தண்ணீர் எடுத்து வரலாம் என்று எழுந்தாள்.

அவர் வலதை எடுத்துக் கடித்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடி இடதை ஒரு கடி கடித்தார். மறுபடி வலதை. "இது ரெண்டும் ஒரு ஜோடியா?" என்று கேட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. சமையலைச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். "ஏன், ஜோடிக்கு என்ன? நீளம் பாத்து, தடிமன் பாத்துச் சேர்த்தது. இருபத்தாறு வருஷத்துல என் மேசையிலருந்து ஒரு பெட்டி திரும்பி வந்ததில்லை."

"இல்லம்மா, சேரல. இது ஒரு மாதிரி இருக்கு, இது வேற மாதிரி இருக்கு."

"எப்படி வேற மாதிரி இருக்கும்? நிறத்தைப் பாருங்க. ஒரே அச்சு."

"நிறத்தை யார் கேட்டா? இது கசக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கையிலிருந்த இறக்கையை அவர் ஏதோ அதிசயப் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கசக்குதா?" என்றாள் மெதுவாக.

"கசக்குதுன்னுதான் நினைக்கிறேன்." அவர் குரல் தழைந்திருந்தது. "நானாவே நினைச்சுக்கிறேனோ என்னவோ."

அதை அப்படியே விடுகிறவளா ஜோடியம்மா? சோதனை பண்ணாமல் எதையும் பெட்டிக்குள் போட்டவளில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டினாள். இடது ஒன்றை வாயில் கொடுத்தாள்.

"இது கசக்கல."

வலது.

"கசப்பு."

மறுபடி வலது. ஏமாற்றித்தான் பார்ப்போமே என்று.

மென்றார். "ஏமாத்துறியா? இதுவும் கசப்புதான்." துண்டுக்குக் கீழே வாய் கோணியது. "கசப்பு மட்டுமில்லே. உப்பு கரிக்குது. ரெண்டு தடவை போட்டியா?"

"போட்டேன்," என்றாள். அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தன. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அவர் துண்டை அவிழ்த்தார். அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் நாக்கு விழித்துக்கொண்ட மனிதருக்கு அழ எங்கே நேரம். "பூண்டை முதல் தடவையே அள்ளியிருக்கணும். அது எண்ணெயில கிடந்து கரிஞ்சிருக்கு. அதுல போய் இதைப் போட்டிருக்கே. எடதை முதல்ல போட்டிருப்பே, வலதை அப்புறமா. வாணலியில ஜோடி ஜோடியா போட்டிருந்தா ஒவ்வொரு ஜோடியும் ஒரே மாதிரி இருந்திருக்கும்ல? வேலையிடத்துப் புத்தியை அடுப்புக்கிட்ட கொண்டு வந்தா இப்படித்தான். மிளகு ஒண்ணுரெண்டா கிடக்கு. எலுமிச்சைக் கொட்டை ரெண்டு பல்லுல மாட்டுச்சு."

"இன்னும்?" என்றாள் அவள்.

"இன்னும் என்ன இன்னும்? மிச்சம் றெக்கை இருக்கா?"

"மூணு ஜோடி இருக்கு."

அவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். தாங்கப் போனவளைத் தள்ளிவிட்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து, ஏழு வாரத்துக்குப் பிறகு அடுப்படிக்குள் போனார். உள்ளே டப்பாக்கள் நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, "யார் இந்த வாணலியை இப்படிச் சுரண்டினது?" என்று குரல் வந்தது.

அப்போதுதான் போன் அடித்தது.

"தீர்ப்பு என்னம்மா?" என்றாள் மகள், வழக்கமான குரலில்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கசக்குதாம்."

அந்தப் பக்கம் கரண்டி தட்டில் விழுகிற சத்தம் கேட்டது.

"உப்பு கரிக்குதாம். பூண்டு கரிஞ்சுபோச்சாம். மிளகை ஒழுங்கா பொடிக்கலையாம். எலுமிச்சைக் கொட்டை பல்லுல மாட்டுச்சாம். ஒண்ணுகூடச் சரியில்லையாம்டீ."

"அம்மா," என்றாள் மகள். "நெஜமாவா? அப்பாவா சொன்னார்? அவர் வாயாலயா?"

"பின்னே யாரு சொல்லுவா? அடுப்படியிலதான் நிக்கிறார். இரு." அவள் போனை அடுப்படிப் பக்கம் நீட்டினாள்.

"பூண்டை இப்படியா தட்டுவாங்க? இதுல பாதித் தோல்," என்று உள்ளேயிருந்து வந்தது. ஒரு டப்பா திறந்து மூடிற்று. "இந்த மிளகு எந்தக் கடையில வாங்கினது? வாசனையே சரியில்லை. எனக்குத்தான் தெரியலையோன்னு பாத்தேன். இல்லே, மிளகுதான் சரியில்லை."

போனை அவள் காதுக்குத் திருப்பியபோது மகள் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். "வெச்சுடாதேம்மா. மறுபடி அப்படியே பிடிச்சுக்கோ. நான் கேக்கிறேன்."

ஜோடியம்மா கையை நீட்டி, போனை அடுப்படி வாசலில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அதற்குள் கத்திக்கு வந்துவிட்டார். அதற்குச் சாணை பிடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார்.